கோப்பி கொடுக்கும் வழக்கம்

வீட்டையும் வயலையும் விட்டு வந்து தற்காலிகக் கொட்டில்களில் தங்கிய குடும்பங்களைச் சந்திக்க நாம் சென்ற வேளைகளில், பாய் விரிக்குமுன்பே ஒரு கேள்வி வரும்: “பாதர், கோப்பியா, தேத்தண்ணியா?” அடுத்த வேளை அரிசி இல்லாத இடத்திலும் இக்கேள்வி கேட்கப்பட்டது. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பதே அதன் பொருள். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, இதை எவ்வாறு பேணுவது என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

கோப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதைப் பானமாக அருந்தும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டளவில் யெமன் நாட்டில் பரவியது. அங்கிருந்த சூபி ஞானிகள் இரவில் கண்விழித்து இறைவனைத் தியானிப்பதற்கு அது உதவியது. 1511இல் மக்காவில் கோப்பிக்குத் தடை விதிக்கப்பட்ட போதிலும் அத்தடை நீடிக்கவில்லை. வட்டையில் யானைக் காவலுக்கு இருப்பவர் வாடியில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுங்கோப்பி குடித்து விழித்திருப்பதும், அந்த ஞானிகள் விழித்திருந்ததும் ஒரே பானத்தின் துணையினாலாகும்.

எமது நாட்டில் கோப்பி பெருந்தோட்டப் பயிரானது ஆங்கிலேயர் காலத்திலாகும். 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய தோட்டங்கள், மலைக்காடுகளை அழித்து விரைவாகப் பரவின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் மன்னார் வழியாகக் கால்நடையாக அழைத்துவரப்பட்டனர். அவர்களுள் பலர் பசியினாலும் நோயினாலும் வழியிலேயே மாண்டனர். 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. ஆனால் 1869இலேயே இலைகளின் கீழ்ப்புறத்தில் மஞ்சட் செம்மை நிறத் தூள் காணப்பட்டது. இது ஒருவகைப் பூஞ்சணத்தினால் ஏற்படும் இலைத்துரு நோய். இலைகள் உதிர்ந்தன, காய் குறைந்தது, மரம் நலிந்தது. 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோயின் வித்துக்கள் காற்றினால் பரவுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அப்பரவலுக்கு வழி திறந்ததையும் எடுத்துக்காட்டினார். மருந்து பலிக்கவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கிய தேயிலை, பின்னர் கோப்பியின் இடத்தைப் பிடித்தது.

விவசாயிகளாகிய எமக்கு இதில் பாடம் உண்டு. ஒரே பயிரில் முழு வாழ்வையும் கட்டியவன், அப்பயிர் விழும்போது தானும் விழுகிறான். காணி திரும்பக் கிடைத்தோர் நெல்லோடு நின்றுவிடாமல், வளவில் முருங்கை, தேசி, பயறு, கீரை என்பவற்றையும் வைப்பது நல்லது.

கோப்பித் தோட்டங்கள் அழிந்தன; கோப்பி கொடுக்கும் வழக்கம் அழியவில்லை. அது செடியை நம்பியிருக்கவில்லை, மனித உறவை நம்பியிருந்தது. கல்முனைப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1990இன் வன்செயல்களின்போது அயலவர் வீட்டில் கோப்பி குடிப்பதற்கே அச்சம் ஏற்பட்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் இரு சாராரின் வீடுகளையும் வேறுபாடின்றி அள்ளிச் சென்றது. அதன் பின் ஒருவர் கொடுத்த குவளையை மற்றவர் மறுக்காமல் வாங்கியபோது, எந்தக் கூட்டத்தில் பேசியதைவிடவும் அதிகம் பேசப்பட்டது என்பதை நாம் கண்டோம்.

ஆயினும் சில விடயங்களில் கவனம் தேவை.

முதலாவது, நேரம். கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்புப் பொருட்கள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. சோற்றோடும் சாப்பிட்ட கையோடும் கோப்பி குடித்தால் கீரையும் பயறும் தரும் பயன் குறைகிறது. இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு இது பெரும் இழப்பு. உணவுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ, இரண்டு மணித்தியாலம் பின்போ குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

இரண்டாவது, யாருக்கு. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கோப்பியோடு விழுங்க வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் நாளுக்கு இரண்டு சிறு குவளைக்கு மேல் அருந்தாதிருப்பது நல்லது. பிள்ளைகளின் காலைப் பசியைக் கோப்பியால் அடக்க வேண்டாம். அது பசியை மறைக்குமேயன்றி உடலை வளர்க்காது.

மூன்றாவது, கடன். கோப்பிக்கும் சீனிக்குமாகக் கடைக்காரரின் கொப்பியில் கடன் ஏறுகிறது. விருந்தினருக்குக் கொடுக்க முடியாத நாளில் மல்லியும் சுக்கும் அவித்துக் கொடுங்கள். அதுவும் இல்லாவிடில் செம்பில் தண்ணீர் கொடுங்கள். ஆண்டவர் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரையும் மறக்கவில்லை.

கொடுப்பதில் உள்ள கௌரவம் குவளைக்குள் இருப்பதைப் பொறுத்ததன்று. “உள்ளே வாங்க” என்று அழைக்க ஒரு வாசல் இருக்கிறது என்பதே அந்தக் கௌரவம். வாசலை இழந்து, மீண்டும் வாசல் அமைத்த எமது மக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.