மாடியில் காற்று யூனிட் வைக்குமுன்: கூரை ஓட்டையைச் சுற்றி ஒரு வரப்பு



தையல் கூடம், மசாலா அரைக்கும் இடம், நாப்கின் தயாரிக்கும் இடம் என்று நம் குழுக்கள் பலவும் இன்று சொந்தமாகவோ வாடகைக்கோ கட்டிடம் எடுத்துத் தொழில் செய்கின்றன. கத்திரி வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருபது மெஷின் ஓடினால் உள்ளே இருப்பவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் பல இடங்களில் மாடியில் பெரிய ஏர் கூலர் யூனிட் வைத்து, குழாய் வழியாகக் காற்றைக் கீழே இறக்குகிறார்கள். இதில் நாங்கள் பட்ட அனுபவத்தையும், அதில் கற்றுக்கொண்டதையும் இந்த இதழில் எழுதுகிறோம்.

நாங்கள் பட்ட அனுபவம்

வேலூர் பக்கம் உள்ள எங்கள் தையல் கூடத்துக்கு 2023 ஏப்ரலில் இப்படி ஒரு யூனிட் வாங்கினோம். கூரையில் இரண்டடிக்கு இரண்டடி ஓட்டை போட்டார்கள். இரும்பு ஸ்டாண்டு வைத்து, யூனிட்டை ஏற்றி, ஓட்டைக்குள் காற்றுக் குழாயை இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசி சிலிக்கான் பசை அடித்தார்கள். “வரப்பு மாதிரி எதுவும் கட்ட வேண்டாமா?” என்று பொருளாளர் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சிலிக்கானே போதும்மா, பத்து வருஷம் தாங்கும்” என்று பதில் வந்தது. களப் பணியாளர்களாகிய நாங்களும் மாடி ஏறிப் பார்க்கவில்லை. காற்று ஜில்லென்று வந்த சந்தோஷத்தில் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

ஜூன் மாதம் ஒரு ராத்திரி இடியோடு மழை கொட்டியது. காலையில் கதவைத் திறந்தால், ஒரு பள்ளிக்குத் தைத்து மடித்து வைத்திருந்த நாற்பது செட் சீருடையும் நனைந்து கிடந்தது. வெள்ளைச் சட்டையில் எல்லாம் சுருக்கிச் சாந்தின் செங்கல் நிறக் கறை. துணிக்குக் கூட்டமைப்பு ஈடு கொடுத்தது. ஆனால் பீஸ் கணக்கில் தைப்பவர்களுக்குப் பத்து நாள் வேலை இல்லை. இரண்டு சகோதரிகள் அந்த இடைவெளியில் வேறு கம்பெனிக்குப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. பொருளாளர் அக்கா கேட்ட அந்தக் கேள்விக்கு நாங்கள் அன்றே பதில் தேடியிருந்தால் இது நடந்திருக்காது.

முதலில், இந்த யூனிட் என்ன செய்கிறது?

மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் தண்ணீர் குளிர்கிறது இல்லையா, அதே வேலைதான். யூனிட்டின் பக்கங்களில் தேன்கூடு மாதிரி அட்டை இருக்கும். மோட்டார் அதில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். வெளிக்காற்று அந்த ஈர அட்டை வழியாக வரும்போது தண்ணீர் ஆவியாகி, காற்று குளிர்கிறது. உள் மாவட்டங்களின் வறண்ட வெயிலுக்கு இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது. இன்னொன்று: உள்ளே வந்த காற்று வெளியே போக ஜன்னல் திறந்திருக்கணும். ஏ.சி. மாதிரி மூடி வைத்தால் புழுக்கம்தான் கூடும்.

மருத்துவமனை, பெரிய கார்மெண்ட் கம்பெனி மாடிகளில் இரும்புப் பெட்டி அறை மாதிரி இருப்பதை ஏ.எச்.யூ. என்பார்கள். ஏர் ஹேண்ட்லிங் யூனிட் என்பது முழுப் பெயர். அதற்குள் பெரிய விசிறி, வடிகட்டி, குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருள் எல்லாம் இருக்கும். எடை பல நூறு கிலோவுக்கு மேல். நம் கூலர் அதற்குத் தங்கச்சி. ஆனால் கூரையில் உட்கார வைக்கும் விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

கூரையைத் துளைக்காமல் முடியுமா?

இதைத்தான் முதலில் கேட்கணும். பல கட்டிடங்களில் யூனிட் மாடியில் இருந்தாலும், குழாயை வெளிச்சுவர் ஓரமாக இறக்கி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து விடலாம். அப்படி முடிந்தால் அதுவே நல்லது. எங்கள் கூடத்துக்கு இரண்டு பக்கம் அடுத்த கட்டிடம் ஒட்டி இருக்கிறது. மீதி ஜன்னல்கள் காற்று வெளியேறத் தேவை. அதனால்தான் கூரையைத் துளைத்தோம்.

துளைப்பது என்று முடிவானால் இரண்டு விஷயம் முக்கியம். ஓட்டை உத்திரத்திலோ அதன் பக்கத்திலோ வரக்கூடாது. பொறியாளர் ஒருவர் வந்து, உள்ளே கம்பி எப்படிப் போகிறது என்று பார்த்து இடத்தைக் குறித்துக் கொடுக்கணும். அடுத்தது, சம்மட்டியால் அடித்து உடைக்கக்கூடாது. அறுக்கும் மெஷின் வைத்துத்தான் வெட்டணும். அடித்தால் சுற்றுத் தளமெல்லாம் விரிசல் விடும். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயரும் பழைய கட்டிடமாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

எடையும் பாருங்க. எங்கள் யூனிட் வெறுமனே எண்பது கிலோ. தொட்டித் தண்ணீர் சேர்ந்தால் நூறைத் தாண்டும். ஓடும்போது அதிர்வும் உண்டு. பாரம் உத்திரத்துக்கோ சுவருக்கோ போய்ச் சேருகிற மாதிரி உட்கார வைப்பது பாதுகாப்பு.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது?

இதுதான் நாங்கள் கற்ற பெரிய பாடம். மொட்டை மாடியில் மேலே தெரிவது ஓடு. அதற்குக் கீழே ஏறக்குறைய நாலு அங்குலம் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கி. அதற்கும் கீழேதான் உண்மையான கான்கிரீட் தளம். ஓடுகளின் இடுக்கில் இறங்கும் தண்ணீர் சுருக்கியை நனைத்துக்கொண்டு, கான்கிரீட்டின் மேலேயே மெதுவாக நகர்கிறது. எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே இறங்கிவிடும். எங்கள் ஆட்கள் ஓட்டின் மேல் சிலிக்கான் அடித்தார்கள். தண்ணீரோ ஓட்டுக்குக் கீழே வந்தது! மேலே எத்தனை பசை அடித்து என்ன பிரயோஜனம்?

வயலில் தண்ணீர் அடுத்தவர் நிலத்துக்குப் போகாமல் எப்படித் தடுக்கிறோம்? வரப்பு போடுகிறோம். கூரை ஓட்டைக்கும் அதே வைத்தியம்தான். கம்பெனிக்காரர்கள் இதை ‘ரூஃப் கர்ப்’ என்பார்கள். நாம் வரப்பு என்றே சொல்வோம்.

வரப்பு கட்டும் முறை

1. ஓட்டையைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு ஓட்டையும் சுருக்கியையும் கொத்தி எடுத்து, கான்கிரீட் தளம் தெரியும்படி செய்யணும். வரப்பு தளத்தின் மேல் நிற்கணும். ஓட்டின் மேல் கட்டினால் தண்ணீர் அடி வழியாக வந்துவிடும்.

2. தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிறு கம்பிகளை நட்டு, சிமெண்ட் பால் ஊற்றி, நாலு பக்கமும் கான்கிரீட் வரப்பு வார்க்கணும். உயரம், ஓடு பதித்த பிறகு ஓட்டிலிருந்து எட்டு அங்குலம் இருப்பது நல்லது. அதாவது தளத்திலிருந்து ஏறக்குறைய ஓரடி.

3. வரப்பின் தலை நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கணும். மாடிக்குச் சரிவு உண்டு, அதனால் ஒரு பக்கம் வரப்பு உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரியும். தாழ்வாகத் தெரியும் பக்கத்தில் எட்டு அங்குலம் இருக்கிறதா என்று அளக்கணும். மட்டக்குழாய் வைத்துப் பாருங்க. மட்டம் சாய்ந்தால் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒரு அட்டை நனையாது. வழிந்த தண்ணீர் காற்றுக் குழாய்க்குள் இறங்கும்.

4. ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றி ஆற விடணும். பிறகு வாட்டர் புரூஃப் பூச்சைத் தளத்தில் தொடங்கி, மடிப்பில் நிறுத்தாமல், வரப்பின் பக்கவாட்டில் மேல் வரை ஏற்றணும். தளமும் வரப்பும் சேரும் மூலையை முதலிலேயே சாந்தால் சரிவாக உருட்டிவிட்டால் பூச்சு அங்கே விரிசல் விடாது.

5. அதன் பிறகுதான் சுருக்கியும் ஓடும். ஓட்டின் சரிவு வரப்பை விட்டு விலகி ஓடும்படி இருக்கணும். மழைத்தண்ணீர் குழாய்க்குப் போகிற பாதையின் நடுவில் வரப்பு வரவே கூடாது.

6. யூனிட்டை ஏற்றும் முன் வரப்பின் தலையில் ரப்பர் பட்டை ஒட்டணும். இது தண்ணீரையும் தடுக்கும், அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். யூனிட்டின் அடித்தகடு தூக்குச்சட்டி மூடி மாதிரி வரப்புக்கு வெளியே மடிந்து கீழே இறங்கியிருக்கணும். வரப்போடு நின்றுவிட்டால் தண்ணீர் ஓரமாக உள்ளே ஓடும்.

7. வெறும் எடையை நம்பி வைக்கக்கூடாது. 2011 டிசம்பரில் தானே புயலும் 2018 நவம்பரில் கஜா புயலும் கூரையில் இருந்த எதையெல்லாம் தூக்கிப் போட்டன என்று கடலோர மாவட்டச் சகோதரிகளுக்குத் தெரியும். போல்ட் போட்டு முடுக்கணும். அதுவும் மடிந்த தகட்டின் பக்கவாட்டில் போடணும். தலைப்பக்கம் துளைத்தால் அந்தத் துளையே கசியும்.

சீட் கூரையாக இருந்தால்

சிமெண்ட் சீட், தகர சீட் கூரைமேல் யூனிட்டை நேரடியாக வைக்கவே கூடாது. கீழே உள்ள தூணிலிருந்தோ டிரஸ்ஸிலிருந்தோ ஆங்கிள் சட்டம் எழுப்பி அதன்மேல் வைக்கணும். ஓட்டை முகட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் குறைவு. ஓட்டையைச் சுற்றிய தகட்டின் மேல்விளிம்பு மேல் சீட்டுக்கு அடியிலும், கீழ்விளிம்பு கீழ் சீட்டுக்கு மேலேயும் போகணும். ஓலை வேய்கிற அதே கணக்குதான். சிமெண்ட் சீட்டில் யாரையும் வெறுங்காலோடு ஏறி நடக்க விடாதீர்கள். அது சொல்லாமல் உடையும். டிரஸ்மேல் பலகை போட்டுத்தான் நடக்கணும்.

கரண்டும் பராமரிப்பும்

தண்ணீரும் கரண்டும் ஒரே பெட்டியில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. தனி லைன், முறையான எர்த், கசிவு வந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். மாடியில் யூனிட் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் இருக்கணும். சுத்தம் செய்யும்போது கீழே யாராவது தெரியாமல் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

யூனிட்டின் கழிவுத் தண்ணீரைக் குழாய் போட்டு மழைநீர்க் குழாயில் சேருங்கள், ஓட்டின் மேல் விடாதீர்கள். தொட்டியை வாரம் ஒருமுறை வடித்துக் கழுவுங்கள். நின்ற தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும், கிருமியும் வளரும். அந்தக் காற்றைத்தானே நாம் சுவாசிக்கிறோம்? மழைக்காலத்தில் ஓட்டாதபோது தொட்டியைக் காய வைத்து மூடி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வரப்பின் நாலு மூலையையும் ஒருவர் ஏறிப் பார்க்கணும்.

பணம் கொடுக்கும் முன்

• வரப்பைச் சுற்றிக் களிமண்ணால் அணை கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மாடி முழுவதும் நிறுத்தாதீர்கள். நூறு சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீரே 236 கிலோ பாரம். இந்தச் சோதனையை ஓடு பதிக்கும் முன்பே, பூச்சு காய்ந்ததும் செய்தால் இன்னும் நல்லது.

• வேலை ஒப்பந்தத்தில் வரப்பின் உயரம், பூச்சு, ரப்பர் பட்டை, போல்ட் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

• பத்தில் ஒரு பங்குத் தொகையை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைப்பதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

• குழுவிலிருந்து இரண்டு பேராவது மாடி ஏறிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நாங்கள் 2023 ஆகஸ்டில் யூனிட்டை இறக்கி வைத்து, மேலே சொன்ன மாதிரி வரப்பு கட்டினோம். பலமுறை பேசி, செலவில் பாதியை வேலை செய்தவரே ஏற்றுக்கொண்டார். மீதியைக் கூட்டமைப்பு போட்டது. அந்த ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. மழை பெய்த ஒரு மத்தியானம் பொருளாளர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார். “ரெண்டு மூட்டை சிமெண்ட்ல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்” என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

“இது ஆம்பளைங்க வேலை, இன்ஜினியர் வேலை, நமக்கென்ன தெரியும்” என்று சகோதரிகள் ஒதுங்க வேண்டாம். வரப்பு எதற்கு என்பது வயல் வேலை செய்த நமக்குத் தெரியாதா? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் கூடத்திலோ வாடகைக் கட்டிடத்திலோ மாடியில் யூனிட் இருந்தால், இந்த வாரமே ஏறி, ஓட்டையைச் சுற்றி வரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். மழைக்கு முன் சேர்ந்து சரிசெய்வோம்.