ஒரு சுண்டெலிக்கு எழுந்த எதிர்ப்பு

கருவுற்ற முட்டைக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியால் புற்றுநோய் மரபணுவைச் செலுத்தி உருவாக்கப்பட்டது ஒரு சுண்டெலி. பெயர் 'ஆங்கோமவுஸ்'. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிலிப் லெடர், திமோதி ஸ்டூவர்ட் இருவரின் படைப்பு இது. மார்பகப் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதை அறிய உதவியது. 1988-இல் அமெரிக்கா இதற்குக் காப்புரிமை வழங்கியது. பாலூட்டி ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமை!

உயிரைப் பொருளாக்குவதா என்று சமயத் தலைவர்களும் விலங்கு நல அமைப்புகளும் கொதித்தெழுந்தார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், எலி படும் வேதனையையும் மனிதருக்குக் கிடைக்கும் பயனையும் எடைபோட்ட பிறகே 1992-இல் அனுமதித்தது. எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. 2004-இல் அந்த உரிமை சுண்டெலிகளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. கனடா உச்ச நீதிமன்றமோ 2002-இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், விலங்குக்குக் காப்புரிமையே கிடையாது என்றது.

நோயாளிக்கு மருந்து அவசரம், உண்மைதான். ஆனால் அந்த எலிக்கும் வலிக்கும் என்பதைச் சட்டத்தின் முன் பேசவைத்தது மக்களின் எதிர்ப்புக் குரல். அது வீண்போகவில்லை.