பசுந்தேயிலையும் பக்குவமும்



தேநீர் அருந்தாத வீடு நம் தாமிரபரணிக் கரையில் இன்று அரிது. ஆயினும், தேயிலையை எவ்வாறு காய்ச்சுவது என்று வினவினால், "கொதிக்கும் நீரில் இட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பொங்க விடுவது" என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். தேயிலைத் தூளுக்கு அவ்விடை பொருந்தும். பசுந்தேயிலைக்குச் சிறிதும் பொருந்தாது. பச்சை நிறம் மாறாத முழு இலையைக் கொதிநீரில் வேகவைப்பவர் கசப்பைப் பருகிவிட்டு இலையைக் குறை கூறுவர். பக்குவம் அறிந்தவர்க்கோ அதே இலை இன்சுவை நல்கும். அப்பக்குவம் யாது, அதற்குக் காரணம் யாது, அவ்விலை யாருடைய உழைப்பால் நமக்குக் கிடைக்கிறது என்பவற்றை இன்று காண்போம்.

கருந்தேயிலையும் பசுந்தேயிலையும் வெவ்வேறு செடிகளின் இலைகள் என்று எண்ணுவோர் உளர். இரண்டும் ஒரே செடியின் இலைகளே. வேறுபாடு, பறித்த பின் செய்யும் முறையில் இருக்கிறது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் அது கறுத்துவிடுவதை உங்கள் வீட்டு அடுக்களையில் கண்டிருப்பீர்கள். காயினுள் இருக்கும் நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அந்நிற மாற்றத்தை விளைவிக்கிறது. தேயிலையிலும் அத்தகைய நொதி உண்டு. இலையை வாட்டி, உருட்டிக் கசக்கி, காற்றுப்பட விட்டால் அது செம்பழுப்பாகிறது. பின்னர் உலர்த்தினால் கருந்தேயிலை கிடைக்கிறது. பறித்த இலையை விரைவில் சூடுபடுத்திவிட்டால் நொதி செயலிழந்துவிடும். இலையும் பசுமை மாறாமல் நிற்கும். சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுத்து இதைச் செய்வர். சப்பானியர் நீராவியில் வாட்டிச் செய்வர்.

இனி, காய்ச்சும் முறைக்கு வருவோம். பசுந்தேயிலையில் கேட்டகின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் மிகுதி. நீரின் சூடு ஏற ஏற அவை மிகுதியாகக் கரைந்து இறங்கும். இன்சுவை தரும் அமினோ அமிலங்களோ மிதமான சூட்டிலேயே கரைந்துவிடும். எனவே, கொதிநிலைக்குக் கீழே, ஏறக்குறைய 80 பாகை செல்சியசு சூடுள்ள நீரே பசுந்தேயிலைக்கு ஏற்றது.

வெப்பமானி இல்லாத வீட்டில் 80 பாகையை எவ்வாறு அறிவது? கணக்கு கைகொடுக்கும். நன்கு கொதித்த நீர் மூன்று பங்கு. முன்பே காய்ச்சி ஆறவைத்த நீர் ஒரு பங்கு. ஆறிய நீரின் சூடு 30 பாகை எனக் கொள்வோம். மூன்று நூறுகளோடு முப்பதைக் கூட்டி நான்கால் வகுத்தால் 82.5 வரும். பாத்திரமும் சிறிது சூட்டை ஈர்த்துக்கொள்ளுமாதலால், நாம் வேண்டிய அளவு கிட்டிவிடும்.

ஒரு கோப்பை நீருக்கு 2 கிராம் இலை போதும். சுமாராக ஒரு தேக்கரண்டி. இலை விரிவதற்கு இடம் வேண்டுமாகையால் அகன்ற பாத்திரம் நல்லது. துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்தால் நீர் கறுக்கும். ஆகவே பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர் ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்க. உப்பு மிகுந்த கிணற்று நீரில் தேநீர் மங்கி மேலே ஆடை படரும். ஆற்று நீர் போன்ற மென்னீரில் தெளிவாக இறங்கும். நீரை ஊற்றி இரண்டு நிமிடங்கள் மூடிவைத்து வடிகட்டுக. இலையை எறிந்துவிட வேண்டா. இன்னும் ஒரு முறை நீர் ஊற்றலாம். பால் சேர்க்கும் வழக்கம் இதற்கு இல்லை.

கடல் கடந்த நாட்டார் ஒருவகை இலையிலும் இதே உண்மையைக் கண்டிருக்கின்றனர். தென் அமெரிக்காவில் பராகுவே, அர்ச்சென்டினா, உருகுவே, தென்பிரேசில் ஆகிய பகுதிகளில் 'மாத்தே' என்னும் பானம் பெருவழக்கு. அது தேயிலைச் செடியின் இலையன்று; வேறொரு மரத்தின் இலை. ஆயினும் தேயிலையில் உள்ள கஃபீன் அதிலும் உண்டு. அந்நிலத்தின் தொல்குடிகளான குவாரனி மக்கள் அதனை ஐரோப்பியர் வருகைக்கு முன்பே அறிந்திருந்தனர். சுரைக்குடுவையில் இலையை இட்டு, வெந்நீர் வார்த்து, முனையில் சல்லடை அமைந்த உலோகக் குழலால் உறிஞ்சுவர். அவர்களும் கொதிநீரைத் தவிர்ப்பர். ஒரே இலைக்குப் பலமுறை நீர் வார்த்து, ஒரே குடுவையைக் கூடியிருப்போர் அனைவரும் முறையே பருகுவது அவர்களுடைய விருந்தோம்பல்.

மாணவர்களே, ஒரு கிலோ தேயிலை ஆவதற்கு நான்கு முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். ஒவ்வொரு கொழுந்தும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து பறிப்பது. அவ்வுழைப்பை அறிய நாம் சீனத்திற்கோ அசாமிற்கோ செல்ல வேண்டுவதில்லை. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என வரிசையாக அமைந்த ஊர்கள் நம் மாவட்டத்துத் தேயிலை மலைகளாக விளங்கியவை. 1929-ஆம் ஆண்டில் சிங்கம்பட்டி சமீனுக்கு உரிய எட்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டு நிலத்தைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற தொழிலாளர் அங்குக் காடு திருத்தித் தேயிலை நட்டனர். அட்டைக் கடியையும் அடைமழையையும் பொறுத்து, கூடையைத் தோளிலே தாங்கி, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தனர்.

அவ்வுழைப்பிற்குத் தக்க கூலி கேட்டு அவர்கள் போராடியதும் வரலாறே. 1999-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள், திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தின் மீது காவலர் தடியடி நடத்தினர். ஆற்றில் இறங்கி ஓடியோர் உட்பட 17 பேர் உயிர் இழந்தனர். ஒரு குழந்தையும் அவர்களுள் அடக்கம். நாம் பருகும் நீரைத் தரும் தாமிரபரணிதான் அவ்வாறு.

அம்மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. 2018-இல் அரசு அந்நிலத்தைக் காப்புக் காடாக அறிவித்தது. குத்தகை முடிய வேண்டிய 2028-க்கு முன்பே, 2024-ஆம் ஆண்டில் நிறுவனம் தன் பணியை நிறுத்திக்கொண்டது. கொழுந்து பறித்த கைகள் ஓய்ந்தன. காடு தழைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதுவே நம் ஆற்றின் தாய்மடி. அங்கேயே பிறந்து உழைத்து மூத்தவர்க்கு நல்வாழ்வு அமைய வேண்டும் என்பதும் அதனினும் குறைந்த அறமன்று. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது கற்றவர் கடமை.

ஓர் எச்சரிக்கை. தேநீர் உணவன்று. உணவோடு சேர்த்துப் பருகினால் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறையும். ஆகையால் உண்ட பின் ஒரு மணி நேரமாவது கழித்துப் பருகுக. தேர்வுக் காலத்தில் உறக்கத்தை ஓட்டுவதற்காகக் கோப்பை கோப்பையாகக் குடிப்பதும் நன்றன்று.

வாய்ப்புள்ளோர் இச்சோதனையை வீட்டில் செய்து பாருங்கள். ஒரே அளவு இலையை மூன்று கோப்பைகளில் இட்டு, ஒரே சூட்டு நீரை ஊற்றி, ஒன்றை 1 நிமிடத்திலும், ஒன்றை 2 நிமிடத்திலும், மற்றொன்றை 5 நிமிடத்திலும் வடிகட்டிச் சுவைத்து, வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சூடும் காலமும் சுவையை ஆளும் விதம் அப்போது புலனாகும். அந்த 2 கிராம் இலைக்குப் பத்துக் கிராமளவு கொழுந்தைக் கிள்ளிய விரல்களையும் அப்பொழுது எண்ணிப் பாருங்கள். பொருளை வீணாக்காமல் பக்குவமாகப் பயன்கொள்வதே அவ்விரல்களுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை.