கர்ப்பத்தில் அடங்கும், பிரசவத்துக்குப் பின் சீறும்!

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் காலை ரயில் பிடித்து, தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திக்கு வயது 28 என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் எழுந்திருக்கும்போதே வலது கண்ணில் புகை படர்ந்தாற்போல் இருக்கிறது. கண்ணை அசைத்தால் வலி. நல்ல சிவப்புச் சேலை, சாயம் போன சேலையாகத் தெரிகிறது. சில வாரங்களில் அது தானாகவே சரியாகிவிடுகிறது. "திருஷ்டி கழிந்தது" என்கிறார் மாமியார்.

ஆறு மாதம் போகிறது. இப்போது இடது கால் மரத்துப்போகிறது. ஸ்டேஷன் மேம்பாலத்துப் படி ஏற முடியவில்லை. அதுவும் ஒரு மாதத்தில் மறைந்துவிடுகிறது. வீட்டார் என்ன நினைப்பார்கள்? "வேலைக்குச் சோம்பல்; நடிக்கிறாள்!" என்பார்கள்.

நடிப்பல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு வியாதி இப்படித்தான் வரும், வந்து போகும், மறுபடி வரும். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். "பல இடங்களில் தழும்பு" என்பது பெயரின் பொருள். 1868-ம் ஆண்டு பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ இதைத் தனி வியாதி என்று பிரித்துக் காட்டினார்.

மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருக்கிறதல்லவா? அதுபோல மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பு இழைகளின் மேல் கொழுப்பால் ஆன உறை ஒன்று உண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் வெள்ளை அணுக்கள், புத்தி பேதலித்த காவல்காரனைப் போல, இந்த உறையையே தாக்குகின்றன. உறை போன இடத்தில் சேதி தடுமாறுகிறது. கண் நரம்பில் என்றால் பார்வை. தண்டுவடத்தில் என்றால் கால், சிறுநீர்ப்பை.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் இந்த வியாதி வருகிறது. ஆனால், பூப்படையாத சிறு வயதில் வரும்போது ஆண், பெண் பேதம் அவ்வளவாக இல்லை. பருவம் வந்த பிறகே பெண்களின் எண்ணிக்கை ஏறுகிறது. ஆண்களுக்கோ பெரும்பாலும் சற்று வயதான பிறகு, ஆண் ஹார்மோன் குறையத் தொடங்கும் காலத்தில் வருகிறது. ஆகவே டாக்டர்களின் சந்தேகம் ஹார்மோன்கள் மேல் விழுந்தது.

ஹார்மோன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை, புகை பிடித்தல், வெயில் படாத வாழ்க்கை ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகே இந்த வியாதி தலைகாட்டுகிறது என்று 2022-ல் அமெரிக்கப் படை வீரர்களின் ரத்தத்தை ஆராய்ந்து கண்டார்கள். இருந்தாலும் ஹார்மோனின் கைவரிசையைப் பளிச்சென்று காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கர்ப்பம்.

ஒரு காலத்தில் இந்த வியாதியுள்ள பெண்ணிடம், "பிள்ளை பெறாதே, படுத்த படுக்கையாகிவிடுவாய்" என்று டாக்டர்களே பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்தால் எத்தனை கல்யாணங்கள் நின்றனவோ! அந்த வாக்கை 1998-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று புரட்டிப் போட்டது. 12 நாடுகளில் 254 பெண்களின் 269 கர்ப்பங்களைக் கவனித்தார்கள். கர்ப்பத்துக்கு முன் பத்துப் பெண்களுக்கு ஓர் ஆண்டில் ஏழு தடவை தாக்குதல் வந்தது என்றால், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதே கணக்கில் இரண்டாகக் குறைந்துவிட்டது. அன்றைக்கு இருந்த எந்த மருந்தும் செய்யாத வேலை! ஆனால் பிரசவமான முதல் மூன்று மாதங்களில் அது பன்னிரண்டாகச் சீறியது. பிறகு பழைய நிலைக்கு வந்தது. அந்த மூன்று மாதங்களில்கூட நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் தாக்குதலே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றதனால் ஊனம் விரைந்து வந்ததாகவும் காணோம்.

இது எப்படி நடக்கிறது? வயிற்றிலிருக்கும் குழந்தை பாதி தந்தையுடையது. தாயின் உடலுக்கு அது அந்நியம். அதை வெள்ளை அணுக்கள் தாக்காமல் இருக்க, காவல் படை சற்றுத் தணிந்து நிற்க வேண்டும். அந்தத் தணிவில் நரம்பு உறையும் தப்புகிறது. குழந்தையும் நஞ்சும் சேர்ந்து தயாரிக்கும் ஈஸ்டிரியால் என்ற ஹார்மோன் அப்போது ரத்தத்தில் பெருகி நிற்கிறது. மற்றக் காலத்தில் அது இருப்பதே தெரியாது. நஞ்சு விழுந்ததும் அது சரேலென்று இறங்கிவிடுகிறது.

அப்படியானால் அந்த ஹார்மோனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? கலிபோர்னியாவில் டாக்டர் ரோண்டா வோஸ்கூல் என்ற அம்மையார் இதைக் கேட்டார். அவர் தலைமையில் 164 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. வழக்கமான மருந்தோடு ஈஸ்டிரியாலும் சாப்பிட்டவர்களுக்குத் தாக்குதல் குறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை. ஐரோப்பாவில் பிரசவித்த பெண்களுக்கு வேறு ஹார்மோன்களைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. ஆகவே கடைக்குப் போய் ஹார்மோன் மாத்திரை வாங்கி விழுங்கும் யோசனை யாருக்கும் வேண்டாம்.

நம் ஊர் வழக்கம் ஒன்று இங்கே கைகொடுக்கிறது. பிரசவத்துக்குத் தாய் வீடு போய், மூன்று மாதம் அம்மாவின் கையில் இருப்பதுதான் அது. ஆபத்துக் காலமும் அந்த மூன்று மாதந்தான். இரவில் பிள்ளையைத் தூக்க ஆள் இருக்கும். தாய்க்குத் தூக்கம் கிடைக்கும். தாய்ப்பால் கொடுப்பது தாக்குதலைக் குறைப்பதாகவே பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால், கை கால் மரத்தால் "பிரசவ அசதி" என்று இருந்துவிடாமல் நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம் அவசியமானது. இந்த வியாதிக்கான மருந்துகளில் சில, கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. டெரிஃப்ளுனோமைட், ஃபிங்கோலிமோட் என்பன அப்படிப்பட்டவை. இவற்றைக் கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினாலும் வியாதி சீறிவிடும். எனவே டாக்டருடன் பேசுவது கல்யாணப் பேச்சோடு தொடங்கினால் நல்லது. வாந்தி வந்த பிறகு அல்ல.

வெயிலும் ஒரு வேஷக்காரன்

செங்கற்பட்டுச் சீமையின் அக்னி நட்சத்திர வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பு சூடேறினால் பழுதான நரம்பில் சேதி இன்னும் தடுமாறும். 1890-ல் ஜெர்மன் கண் டாக்டர் ஊத்தாஃப் இதைக் கண்டார். வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து வியாதியைக் கண்டுபிடித்த காலமும் உண்டு! மே மாதத்து மத்தியானம் பார்வை மங்கி, நிழலில் தண்ணீர்த் துண்டு போட்டதும் தெளிந்தால், அது வெயிலின் வேஷம். ஒரு நாளைக்கு மேல் நீடித்தால்தான் புதிய தாக்குதல் என்று சந்தேகிக்க வேண்டும்.

இது வெள்ளைக்காரர் வியாதி என்று நெடுங்காலம் நம் நாட்டில் எண்ணியிருந்தார்கள். எம்.ஆர்.ஐ. கருவி வந்த பிறகு அந்த எண்ணம் மாறியது. மங்களூரில் எடுத்த கணக்கில் லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவில் கண்டார்கள். நோயாளிகளுக்கென்று இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985-ல் தொடங்கியது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு.

இதைப் போலவே வேஷம் போடும் என்.எம்.ஓ. என்ற வேறொரு வியாதி ஆசியாவில் சகஜம். அதுவும் பெண்களையே அதிகம் பிடிக்கும். கர்ப்பம் அதை இதேபோல் அடக்குவதில்லை. எம்.எஸ்.ஸுக்கான இன்டர்ஃபெரான் ஊசி அதைக் கிளறியே விடும். இரண்டையும் பிரித்தறிய 2004 முதல் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சிகிச்சை தொடங்குமுன் அதைச் செய்தார்களா என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

2016-ம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த 21 வகை ஊனங்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. பாதிப்பு 40 சதவிகிதத்துக்குக் குறையவில்லை என்று மருத்துவக் குழு சான்று தந்தால் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஊரப்பாக்கத்தார் இதற்குச் செங்கற்பட்டிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். நோயாளி நன்றாக இருக்கும் நாளில் போனால், குழுவினர் "பார்த்தால் சுகமாகத்தானே இருக்கிறாய்?" என்று கேட்கக்கூடும். ஸ்கேன் படங்களையும் பழைய சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போக வேண்டும்.