டைனமோ இல்லாமல் வில்லியனூரிலிருந்து பாகூர் வரை: ஒரு பேட்டரி எவ்வளவு தூரம் இழுக்கும்?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டுள்ளது.)

"பேட்டரியில் ஓடுற கார்"னு சொன்னதும் எலக்ட்ரிக் கார் எபிசோடுன்னு நினைச்சு வந்தவங்களுக்கு முதலிலேயே சொல்லிடறேன், இது அது இல்லை. இது பெட்ரோல் கார்தான். ஆனா பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோவோ ஆல்டர்னேட்டரோ அதில் வேலை செய்யல. பேட்டரியில் இருக்கிறதை மட்டும் செலவழிச்சு ஓடணும். ரேஸ் உலகத்தில் இதுக்கு "டோட்டல் லாஸ்"னு பேர். 400 மீட்டர் ஓடி நிக்கிற டிராக் ரேஸ் கார்களில் பலர் வேணும்னே ஆல்டர்னேட்டரைக் கழட்டிடுவாங்க. எடை குறையும், எஞ்சினோட சக்தியும் கொஞ்சம் மிச்சம். நம்ம கதை 400 மீட்டரில் முடியறது இல்லை.

என்கிட்ட இருக்கிறது ஒரு பழைய பிரீமியர் பத்மினி. வில்லியனூரில் ஒரு ஷெட்டில் நிக்குது. டைனமோ ரீவைண்டிங்குக்குப் போயிருக்கு, எப்ப வரும்னு கடைக்காரருக்கே தெரியாது. டிங்கரிங் வேலை செய்யறவர் பாகூர் பக்கம். நடுவுல சுமார் 20 கிலோமீட்டர். கேட்டவங்க எல்லாரும் ஒண்ணு "முடியாது"ன்னாங்க, இல்லைன்னா "சும்மா ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. ரெண்டுமே பதில் இல்லை. கணக்குப் போட்டாத்தான் பதில் வரும்.

பத்மினி மாதிரி கார்பரேட்டர் வண்டிக்கு ஓட எவ்வளவு மின்சாரம் வேணும்? பெட்ரோல் பம்பை எஞ்சினே தள்ளுது. ரேடியேட்டர் ஃபேன் பெல்ட்டில் சுத்துது. பிரேக் ஹைட்ராலிக், ஸ்டீயரிங் கைபலம். மிச்சம் இருக்கிறது ஸ்பார்க் மட்டும். பாயிண்ட் வச்ச இக்னிஷன் காயிலோட மின்தடை சுமார் 3 ஓம். 12 வோல்ட்டை 3-ஆல் வகுத்தா 4 ஆம்பியர். பாயிண்ட் மூடியிருக்கும்போது மட்டும்தான் இது பாயும், அது ஏறக்குறைய அறுபது சதவீத நேரம். அதனால சராசரி 2.5 ஆம்பியர்.

பேட்டரி 35 ஆம்பியர்-மணி. அதை முழுசா காலி பண்ணக்கூடாது. கார் பேட்டரியோட தகடுகள் மெல்லிசு, சில வினாடி பெரிய கரண்டைத் தூக்கிக் கொடுக்கத்தான் செஞ்சது. அடிக்கடி ஆழமா இறக்கினா ஈய சல்பேட் தகட்டில் கெட்டியா படிஞ்சு கொள்ளளவு குறைஞ்சுட்டே போகும். அதனால பாதிதான் நம்ம பணம், 17 ஆம்பியர்-மணின்னு வச்சுக்குங்க. 17-ஐ 2.5-ஆல் வகுத்தா ஏழு மணி நேரம் வருது. பிரேக் லைட், ஹாரன் எல்லாத்துக்கும் தாராளமா கழிச்சாலும் பகலில் பாகூருக்குப் போய்த் திரும்பி, இன்னொரு தடவையும் போகலாம்.

"செல்ஃப் அடிச்சா பேட்டரி தீந்துடுமே?" இதைத்தான் எல்லாரும் பயந்து கேக்கறாங்க. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும், ஆனா மூணு வினாடிதான். கணக்குப் பாத்தா 0.125 ஆம்பியர்-மணி. பத்து தடவை ஸ்டார்ட் பண்ணாலும் ஒண்ணேகால்தான் போகும். எஞ்சின் நின்னுபோய், சாவியை ஆன்லயே விட்டுட்டு டீ குடிக்கப் போறது இதைவிட மோசம். பாயிண்ட் மூடின நிலையில் எஞ்சின் நின்னிருந்தா 4 ஆம்பியர் விடாம ஓடும், காயிலும் சூடாகி வெந்துபோகும்.

இப்ப இருட்டட்டும்.

ஹெட்லைட் 55 வாட் ரெண்டு, 9 ஆம்பியருக்கு மேல. டெயில், பார்க்கிங், நம்பர் பிளேட், மீட்டர் விளக்குகள் சேர்ந்து ரெண்டு. ஸ்பார்க்குக்கு ரெண்டரை. மொத்தம் 14 பக்கம். அதே 17 ஆம்பியர்-மணி இப்ப ஒரு மணி நேரத்தைச் சொச்சம்தான் தாங்கும். நிஜத்தில் அதுவும் கிடைக்காது. ஏன்னா 35-ங்கிற எண்ணை அளக்கிறது 20 மணி நேரத்தில் மெதுவா காலி பண்ணி. வேகமா உறிஞ்சினா அதே பேட்டரி குறைச்சுத்தான் கொடுக்கும். மழை வந்து வைப்பரும் போட்டா இன்னும் நாலஞ்சு ஆம்பியர்.

எனக்குப் பெரிய பயம் வண்டி நிக்கிறது இல்லை. பல்பு மங்கறதுதான். சார்ஜிங் இருக்கிற வண்டியில் பல்புக்கு பதிமூணரை வோல்ட்டுக்கு மேல கிடைக்கும். வெறும் பேட்டரியில் 12. வித்தியாசம் சின்னதா தெரியுது, ஆனா பல்பு வெளிச்சம் வோல்ட்டேஜோட மூன்றரை மடி அளவில் ஏறி இறங்கும். 13.5-லிருந்து 12-க்கு வந்தாலே வெளிச்சத்தில் மூணில் ஒரு பங்கு போச்சு, 11.5-ல கிட்டத்தட்ட பாதி. கொஞ்சம் கொஞ்சமா மங்கறதால கண்ணு பழகிடும், நமக்கே தெரியாது. கரிக்கலாம்பாக்கம் பக்கம் கரும்பு ஏத்தின டிராக்டர் டிரெய்லர் பின்னாடி ரிஃப்ளெக்டர்கூட இல்லாம போறதைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். நம்ம டெயில் லைட்டும் மங்கினா, பின்னாடி வர்றவருக்கு நாமும் அதே டிரெய்லர்தான்.

டிங்கரிங்காரர் போன் பண்ணி "சாயங்காலமா வாங்க தம்பி"ன்னார். டிசம்பரில் இங்க ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சுடும். "இல்லண்ணே, காலையில வர்றேன். நாலு மணிக்கு வண்டியை விட்ருங்க"ன்னு சொல்லிட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல விதி 105, சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்திலிருந்து விளக்கு எரியணும்னு சொல்லுது. இந்த வழியில் எந்த ஊர் தமிழ்நாடு, எது புதுச்சேரின்னு போர்டைப் பார்த்துதான் தெரியும், ஆனா இந்த விதி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

இன்னொரு ஆபத்து பெல்ட். பழைய எஞ்சின்களில் டைனமோவைச் சுத்தற அதே ஃபேன் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுத்துது. டைனமோவை நகர்த்தித்தான் பெல்ட்டை இறுக்கறோம். அதைக் கழட்டிட்டு அப்படியே ஓட்டினா பெல்ட் தொங்கி, தண்ணி சுத்தாம எஞ்சின் கொதிச்சுடும். அதனால ரீவைண்டிங்குக்கு அனுப்பின இடத்தில் ஒரு செத்த டைனமோவை வாங்கி மாட்டியிருக்கேன். பேரிங் நல்லா இருந்தா போதும், சும்மா சுத்தட்டும். வயரை மட்டும் கழட்டி டேப் சுத்திடணும்.

இந்தக் கணக்கை வேற வண்டிக்கு அப்படியே போடாதீங்க. கார்பரேட்டர் மாருதி 800-ல ரேடியேட்டர் ஃபேனே எலக்ட்ரிக். இந்திரா காந்தி சிலை சிக்னல்ல ரெண்டு தடவை மாட்டினா கணக்கு மாறிடும். இன்ஜெக்ஷன் வண்டின்னா பம்பு, இன்ஜெக்டர், கம்ப்யூட்டர், ஃபேன் எல்லாம் சேர்ந்து 15, 20 ஆம்பியர். வோல்ட்டேஜ் ரொம்ப இறங்கினா கம்ப்யூட்டரே கண்ணை மூடிக்கும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் இருந்தா அதுவும் கைவிட்டுடும். அந்த வண்டிகளை லாரியில் ஏத்துங்க. மெக்கானிக்கல் பம்பு வச்ச பழைய டீசல் நேர் எதிர், ஒரு தடவை பிடிச்சுட்டா மின்சாரமே கேக்காது. பேட்டரி செத்த டிராக்டரை மேட்டில் நிறுத்தி, காலையில் உருட்டி ஸ்டார்ட் பண்றது அதனாலதான் முடியுது.

டாஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கை நம்பாதீங்க, இந்த நிலையில் அது எதையும் சொல்லாது. ஒரு சின்ன வோல்ட் மீட்டர் மாட்டிக்குங்க. வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தா 12.6-க்கு மேல முழு பேட்டரி, 12.2 பாதி. 12.2 வந்தா அன்னைக்கு வேலை முடிஞ்சது. அன்னைக்கே ராத்திரி சார்ஜரில் போட்டுடணும், மூணு நாலு ஆம்பியரில் மெதுவா. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதனால கதவு திறந்த இடம் வேணும். பக்கத்தில் பீடி, ஊதுவத்தி, வெல்டிங் எதுவும் கூடாது.

கடைசியா ஒரு நேயர் கேட்டது: "வீட்ல 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா இருக்கு, டிக்கியில் வச்சு இதோட சேர்த்துடலாமா?" வேணாம். ஐம்பது கிலோவுக்கு மேல எடை, உயரமான டப்பா. நம்ம ரோட்டுப் பள்ளத்தில் சாஞ்சா ஆசிட் கொட்டும். அதோட காலியான பேட்டரியோட முழு பேட்டரியை நேரா இணைச்சா, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் பெரிய கரண்ட் ஒரேயடியா பாயும், வயர் உருகற அளவுக்கு. கூடுதல் தெம்பு வேணும்னா அதே அளவில் இன்னொரு கார் பேட்டரியை முழுசா சார்ஜ் பண்ணி, அசையாம கட்டி, டெர்மினல்களை மூடி எடுத்துட்டுப் போங்க. வழியில் தேவைப்பட்டா எஞ்சினை நிறுத்தி, எர்த் வயரை முதலில் கழட்டி, மாத்துங்க. பத்து நிமிஷ வேலை.