பாறையில் நீர் கசியுமா? அணுக்கழிவும் கோலார் தங்கவயலும்

திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட இந்தியாவெங்கும் செல்கின்றன. கொங்கு நாட்டில் அவ்வேலையைக் கண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஒரு தோட்டத்தில் ஆயிரம் அடி இறக்கியும் வெறும் கல்தூள்தான் வெளிவரும், அடுத்த தோட்டத்தில் முந்நூறு அடியிலேயே நீர் பீறிடும். பாறை ஒன்றே, அதிலுள்ள வெடிப்புகளே வேறு. அணுக்கழிவைப் பாறைக்குள் புதைப்பது குறித்த விவாதமும் பெரும்பாலும் இவ்வெடிப்புகளைப் பற்றியதுதான்.

எரிந்து முடிந்த அணு எரிபொருளை மறுபதப்படுத்தும்போது எஞ்சும் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு, கண்ணாடியோடு சேர்த்து உருக்கப்பட்டு எஃகுக் கலன்களில் அடைக்கப்படுகிறது. கல்பாக்கத்திலும் அதற்கான ஆலை உண்டு. அதன் நஞ்சு பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். எஃகோ அத்தனை காலம் தாங்காது. கலன் அரித்தபின் கழிவை மேலே கொண்டுவரக் கூடியது நிலத்தடி நீர் மட்டுமே. எனவே பாறையின் நீர் ஊடுருவும் தன்மையை அளந்தாக வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு சிறு பாறை உருளையை அளந்தால் அநேகமாக நல்ல விடையே கிடைக்கும். உடையாமல் வெளிவந்த துண்டைத்தானே ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்ல முடியும்! உண்மை நிலையை அறியத் துளைக்குள்ளேயே சோதிக்க வேண்டும். ரப்பர் அடைப்பான்களால் துளையின் ஒரு பகுதியைத் தனித்து, அழுத்தத்துடன் நீர் செலுத்துவர். 10 பார் அழுத்தத்தில், ஒரு மீட்டர் நீளத்திற்கு நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் நுழைந்தால் அது 1 லூஜான். அணைக்கட்டு அடித்தளங்களுக்கு இவ்வளவு போதும். கழிவுக் கிடங்கிற்கு இது மிகப் பருமட்டான அளவை. அங்கே அழுத்தத்தை ஏற்றி அடைத்துவிட்டு, அது எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்று மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் பார்க்க வேண்டும். வெடிப்பின் அகலம் இருமடங்கானால் அதில் செல்லும் நீர் எட்டு மடங்காகும். தவறவிட்ட ஒரே ஒரு வெடிப்பு கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.

இந்தியாவில் இதற்கான களம் கோலார் தங்கவயல். அங்குள்ள ஆம்பிபோலைட், சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு உருமாறி உண்டான பாறை. 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அச்சுரங்கத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் மின்சூடேற்றிகளைப் பதித்து, கழிவின் வெப்பம் பாறையை எவ்வாறு பாதிக்கும் என்று ஆராய்ந்தது. கழிவு எதுவும் அங்கு வைக்கப்படவில்லை.

ஆனால் தங்கவயல் வெறும் பாறையன்று. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தலித் தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை இறங்கித் தோண்டிய நிலம் அது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பு நின்றபின் சுரங்கக் குழிகளில் நீர் நிரம்பியது. சயனைடு கலந்த கழிவுமண் மேடுகள் குடியிருப்புகளின் அருகிலேயே இன்றும் கிடக்கின்றன. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது, அணுக்கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலாரின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. தங்கவயல் மக்கள் தெருவில் இறங்கினர். அதன் பிறகே அப்படியொரு திட்டம் இல்லை என்று அரசுத் தரப்பு விளக்கமளித்தது. நிலவியல் நோக்கிலும் அம்மக்களின் அச்சம் நியாயமானதே. நூறாண்டுக்கு மேலாக வெடிவைத்துக் குடையப்பட்டு, பாறைவெடிப்பு விபத்துகளுக்குப் பேர்போன சுரங்கத்தில் இயற்கை வெடிப்புகளோடு மனிதர் உண்டாக்கியவையும் சேர்ந்திருக்கின்றன. ஆய்வுக்கூடமாக அது பயன்பட்டது உண்மை. அதனாலேயே கிடங்காகும் தகுதி வந்துவிடாது.

அமெரிக்காவின் நெவாடாவில் யக்கா மலையும் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைதான். 1987இல் வேறு இடங்களை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் ஆராயும்படி அந்நாட்டு நாடாளுமன்றம் பணித்தது. மழைநீர் மிக மெல்லவே இறங்கும் என்று கணித்திருந்தனர். 1990களில் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் குளோரின்-36 தென்பட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். அது பசிபிக்கில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் என்றால், ஐம்பதாண்டுகளுக்குள் நீர் அவ்வளவு ஆழம் இறங்கியிருக்க வேண்டும். பிந்தைய சோதனைகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை; சர்ச்சை தீரவுமில்லை. அம்மலை தங்கள் நிலம் என்று 1863ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி மேற்கு ஷோஷோனி பழங்குடியினர் எதிர்த்து வருகின்றனர்.

நமக்கு அருகிலுள்ள சான்று நொய்யல். 1992இல் பாசனத்திற்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. ‘கெட்டியான பாறை’யின் வெடிப்புகள் வழியே உப்பு சுற்றுவட்டாரக் கிணறுகளை எட்டியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது அக்கிணறுகள் பல ஆண்டுகளாகக் கெட்டுக் கிடந்தன. ஆகவே பாறை உறுதியானது என்று எவரேனும் கூறும்போது, எத்தனை துளைகளில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை நாள் அளந்தீர்கள் என்றும், அந்த அளவீடுகள் அங்கு வாழும் மக்களின் மொழியில் அவர்கள் கைக்கு வந்தனவா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.