கோட்டா என்னும் கண்ணுக்குத் தெரியாத வரி

இறக்குமதியைக் குறைக்க வரி போட்டால் என்ன, இவ்வளவுதான் வரலாம் என்று கோட்டா வைத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணற்ற பேர் போட்டியிடும் சந்தையில் அது ஏறக்குறைய சரி. உள்ளூரில் விற்பவர் ஒருவரோ இருவரோ மட்டும் என்றால் நிலைமை தலைகீழ். மும்பையில் பிறந்த பொருளியலாளர் ஒருவர் 1965-லேயே இதை எடுத்துக் காட்டினார்.

வெளிநாட்டுச் சரக்கு 100 ரூபாய், வரி 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் முதலாளி 121 ரூபாய் கேட்டால் வாடிக்கையாளர் வெளிநாட்டுச் சரக்கை வாங்கிக்கொள்வார். கோட்டாவில் அந்தக் கடிவாளம் கிடையாது. அனுமதித்த சரக்கு விற்றுத் தீர்ந்ததும் மிச்சச் சந்தை முழுக்க உள்ளூர் முதலாளியுடையது. எவ்வளவு விலை ஏற்றினாலும் கூடுதலாக ஒரு பெட்டிகூட உள்ளே வராது.

1981-ல் அமெரிக்காவின் நெருக்குதலால், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அங்கே அனுப்புவதில்லை என்று ஜப்பான் 'தானாகவே' ஒப்புக்கொண்டது. இதுவும் ஒரு கோட்டாதான். ஜப்பானியக் கார்களின் விலை ஏறியது. எண்ணிக்கைக்குத்தானே வரம்பு? சின்னக் காருக்குப் பதிலாக வசதி கூடிய, விலை கூடிய காரை அனுப்பினார்கள். அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் விலையை உயர்த்திக்கொண்டார்கள். வரியாக இருந்திருந்தால் அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்காவது அமெரிக்கக் கஜானாவுக்குப் போயிருக்கும். போனதோ ஜப்பானிய நிறுவனங்களின் லாபக் கணக்குக்கு. வரம்பு 1984-ல் 18.5 லட்சமாகவும், மறு ஆண்டு 23 லட்சமாகவும் உயர்ந்தது. முழுதாக விலகியது 1994-ல்தான். இந்த வரம்பு இருந்ததால்தான் ஜப்பானியர் அமெரிக்காவிலேயே ஆலை கட்டினார்கள் என்பார்கள் கோட்டாவின் ஆதரவாளர்கள். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு.

என் கவலை வேறு. வரி பட்ஜெட்டில் வருகிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுகிறது. கோட்டாவால் மக்கள் கொடுக்கும் கூடுதல் விலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. யார் கொடுத்தார், யாருக்குப் போனது என்று கேட்க ஆளில்லை. நாமும் பல பத்தாண்டுகள் இறக்குமதி லைசென்ஸில் வாழ்ந்தோம். கடைசியாக மிஞ்சிய 715 பொருட்களின் அளவுக் கட்டுப்பாடு 2001 ஏப்ரலில்தான் நீங்கியது. 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று டெல்லி அறிவித்தபோது எனக்குப் பகீரென்றது. எதிர்ப்புக்குப் பின் அது இணையத்தில் பதிந்து அனுமதி பெறும் முறையாகத் தணிந்தது. அளவு வரம்பு எதுவும் அப்போது வைக்கவில்லை. ஆனால் வரம்பு வைப்பதற்கான கதவு திறந்தே இருக்கிறது.

கோட்டா வைத்தே தீர வேண்டுமென்றால் இறக்குமதி அனுமதியை ஏலம் விடட்டும், பணம் அரசுக்கு வரும் என்கிறார்கள். வரும்தான். இறக்குமதிச் சரக்கின் மீதான லாபம் மட்டும். உள்ளூர் விற்பனையாளர் ஏற்றிய விலையை எந்த ஏலமும் மீட்டுத் தராது.